15 புளோரீன் எங்கே போனது? சிறிய ஆய்வுகூடத்தில் பிஃபோவாவை உடைக்கும் முறை

கலாநிதிப் பட்ட ஆய்வின் முதலாவது வருடம். வெளிநாட்டுக்கு அனுப்பிய மாதிரிகளின் முடிவு மின்னஞ்சலில் வந்திருந்தது: நீரில் அழியாமல் தங்கும் பிஃபோவா (PFOA) என்ற புளோரீன் சேர்வை 96 வீதம் குறைந்திருக்கிறது. கல்லடி வீட்டுக் குசினியில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்ப அது அழிஞ்சிற்றா மகள்?"

"காணல்ல அம்மா. அப்ப அழிஞ்சதுதானே."

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சட்டிக்குள்ள மீனக் காணல்லெண்டா பூனை திண்டிருக்கும். அதுக்காக மீன் இல்லாமப் போகாது."

அதற்குப் பிறகு நான் செய்த வேலையில் பாதி, அந்தப் பூனையைத் தேடியதுதான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இரசாயனவியல் படித்துவிட்டு இந்தத் துறையில் இறங்க நினைக்கும் தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேட்கிறார்கள், "அக்கா, எங்கிருந்து தொடங்கிற?" என்று. பெரிய கருவிகள் இல்லாத ஆய்வுகூடத்தில் நான் எப்படிச் செய்கிறேன், எங்கே சறுக்கினேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் எதிரியைப் பற்றி. பிஃபாஸ் (PFAS) என்பது காபனோடு புளோரீன் பிணைந்த செயற்கை இரசாயனங்களின் ஒரு பெரிய குடும்பம். ஒட்டாத சட்டி, நீர் ஒட்டாத மழைக்கோட்டு, எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை என்று பல இடங்களில் அதன் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 1938இல் ரோய் பிளங்கற் தற்செயலாகக் கண்டெடுத்த ரெப்லோனும் இந்தக் குடும்பம்தான். அதைத் தயாரிக்கும்போது துணைப்பொருளாகப் பயன்பட்டது பிஃபோவா: 8 காபன், 15 புளோரீன், முனையில் ஒரு காபொட்சிலிக் அமிலக் கூட்டம். காபனும் புளோரீனும் சேர்ந்த பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறக்குறைய 485 கிலோயூல் வேண்டும். பற்றீரியா, வெயில், காலம் எதுவும் அதை இலேசில் அசைப்பதில்லை. இலேசில் அழியாத நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் பட்டியலில், முனையில் சல்போனேற்றுக் கூட்டம் உள்ள உறவான பிஃபோஸ் (PFOS) 2009இலும், பிஃபோவா 2019இலும் சேர்ந்தன. 2023 இறுதியில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் பிஃபோவாவை முதலாம் தொகுதியில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் வரிசையில் வைத்தது. 2024இல் அமெரிக்கா குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 4 நனோகிராம். பத்து இலட்சம் கன மீற்றர் தண்ணீரில் 4 கிராம் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, எந்த முறையைத் தெரிவுசெய்வது? 374 பாகை, 22.1 மெகாபஸ்கலுக்கு மேல் நீரைத் திரவமும் இல்லாத, வாயுவும் இல்லாத மிகைநிலைக்குக் கொண்டுபோய் எரிக்கலாம். அந்தக் கலனுக்கு நம்மிடம் காசும் இல்லை, அதை வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும் ஆளும் இல்லை. போரன் கலந்த வைர மின்வாயால் ஒட்சியேற்றலாம்; ஆனால் நம் நீரில் உப்பு இருக்கிறது. குளோரைட்டு அந்த மின்வாயில் போய்க் குளோரேற்று, பெர்குளோரேற்று என்று வேறொரு நஞ்சாக மாறும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருக்கும் நமக்கு அது சின்ன விஷயம் இல்லை. 2022இல் நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிக்ரெலின் குழு, டிஎம்எஸ்ஓ கரைப்பானிலும் சோடியம் ஐதரொட்சைட்டிலும் 80 முதல் 120 பாகையில் பிஃபோவா போன்ற அமிலங்களை உடைத்துக் காட்டியது. அழகான வேலை. ஆனால் அது செறிவாகப் பிரித்தெடுத்த பொருளுக்கு. வாளித் தண்ணீருக்கு இல்லை. பிஃபோஸ் போன்ற சல்போனேற்றுகளிடமும் அது பலிக்காது.

நான் எடுத்தது கழியூதா ஒளியும் சல்பைற்றும். காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: விளக்கு தண்ணீர் வடிகட்டிக் கடையில் கிடைத்தது, சோடியம் சல்பைற்று அலுமாரியில் இருந்தது. ஆய்வுத் தலைப்பைத் தெரிவுசெய்ய இதைவிடப் பெருமையான காரணம் வேண்டும் என்று நினைப்பவர்கள் இரண்டு வருடம் கருவிக்காகக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். 254 நனோமீற்றர் ஒளி பட்டவுடன் சல்பைற்று அயன் ஒரு இலத்திரனை நீருக்குள் உதறிவிடும். நீர் மூலக்கூறுகள் சூழ நிற்கும் அந்த இலத்திரனின் தாழ்த்தல் அழுத்தம் ஏறக்குறைய −2.9 வோல்ற்று. அவ்வளவு வெறி பிடித்த ஒன்றுதான் காபன்–புளோரீன் பிணைப்பில் கைவைக்கும்.

சாமான்கள்

11 வாற்றுத் தாழ் அமுக்க இரச விளக்கு ஒன்று. அதைக் கரைசலுக்குள் இறக்கக் குவாட்ஸ் உறை. "கண்ணாடி முகவையில் ஊற்றி, வெளியிலிருந்து விளக்கைக் காட்டினால் போதாதா?" போதாது. அதை நான் செய்தேன். நாலு மணி நேரம் விளக்கு நீலமாக எரிந்தது, கரைசலில் ஒன்றும் நடக்கவில்லை. சாதாரண ஆய்வுகூடக் கண்ணாடி 254 நனோமீற்றரை உள்ளே விடாது. கண்ணுக்குத் தெரியும் அந்த நீலம் வேலை செய்யும் ஒளி இல்லை. வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைச் சுடும். ஆகவே முழு அமைப்பையும் அலுமினியத் தாளால் சுற்றி மூடுங்கள், கண்ணுக்குப் பொலிகாபனேற்றுப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கிட்டப் போகாதீர்கள். இரவில் கண்ணுக்குள் மணல் கொட்டியது போல எரிந்தால் அதுதான் காரணம்.

கரைசல் அரை லீற்றர். பிஃபோவா லீற்றருக்கு 10 மில்லிகிராம். சோடியம் சல்பைற்று 10 மில்லிமோலர், அரை லீற்றருக்கு 0.63 கிராம். பீஎச்சைச் சோடியம் ஐதரொட்சைட்டால் குறைந்தது 10க்கு ஏற்றுங்கள். 12இல் இன்னும் நன்றாக உடைகிறது என்று ரிவர்சைட்டிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஜின்யோங் லியூவின் குழு காட்டியிருக்கிறது. பீஎச் 7க்குக் கீழே போனால் சல்பைற்று பைசல்பைற்றாக மாறிவிடும், அது இந்த ஒளியை ஏறக்குறைய உறிஞ்சாது. அப்புறம் விளக்கு எரிந்து என்ன பயன்?

சல்பைற்றுப் போத்தலை நம்பாதீர்கள். நம்மூர்க் கடற்காற்றின் ஈரத்தில், மூடி இறுக்கமில்லாத போத்தலுக்குள் அது மெதுவாகச் சல்பேற்றாகிக்கொண்டிருக்கும். இரண்டும் வெள்ளைத் தூள், பார்த்துப் பிரிக்க முடியாது. ஒரு சிட்டிகையைக் கரைத்து, கொஞ்சம் அமிலமாக்கி, மாப்பொருள் விட்டு அயடீனால் நியமிப்புச் செய்யுங்கள். பத்து நிமிட வேலை. நான் அதைச் செய்யாமல் ஒரு மாதத்தை விட்டேன். ஒவ்வொரு தடவையும் தாக்கம் முந்தியதைவிட மெதுவாக நடந்தது. விளக்குப் பழுது என்று புது விளக்கும் வாங்கினேன்.

ஒட்சிசனை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிறக்கும் இலத்திரனை அதுவே விழுங்கும். நைதரசன் உருளை இருந்தால் அரை மணி நேரம் மெதுவாக விடுங்கள். மெதுவாக என்பதை இரண்டு தரம் வாசியுங்கள், காரணம் பின்னால் வருகிறது. உருளை இல்லையென்றால், கலனைக் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் லீற்றருக்கு 8 மில்லிகிராம் அளவு. அதைத் தீர்க்க அரை மில்லிமோலர் சல்பைற்றுப் போதும், மிச்சம் தாராளமாக இருக்கும்.

விளக்கு சூடேற்றும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் அறையே 33 பாகை. கலனை ஒரு பேசினுக்குள் வைத்து, அதைச் சுற்றிக் குழாய் நீரை ஓடவிடுவேன். மின்சாரம் இடையில் நின்றால் பதறவேண்டாம், விளக்கு அணைந்தவுடன் இலத்திரனும் நின்றுவிடும். நின்ற நேரத்தை எழுதிக் கழித்துக்கொண்டு, விளக்கு மறுபடி நிலைக்கு வரச் சில நிமிடம் கொடுங்கள்.

பூனையைப் பிடிப்பது

இனிமேல்தான் ஆய்வு. பிஃபோவாவின் மூலக்கூற்று நிறை 414. அதில் 15 புளோரீன், ஒவ்வொன்றும் 19, ஆக 285. 285ஐ 414ஆல் வகுத்தால் 0.688. ஆகவே லீற்றருக்கு 10 மில்லிகிராம் பிஃபோவாவும் முழுதாக உடைந்தால் லீற்றருக்கு 6.88 மில்லிகிராம் புளோரைட்டு வரவேண்டும். இந்த எண்ணைப் பெரிதாக எழுதி விளக்குக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். கட்டுரைகளை வாசிக்கும்போதும் முதலில் இதைத்தான் பாருங்கள்: "குறைவு 99 வீதம்" என்கிறார்களா, "புளோரைட்டாக வெளிவந்தது இத்தனை வீதம்" என்கிறார்களா? முதலாவதை மட்டும் சொல்லும் கட்டுரையை நான் பென்சிலால்தான் குறித்து வாசிப்பேன்.

நான் குசினிக்கு ஓடிய அந்த முதல் பரிசோதனையில் புளோரைட்டு வெறும் 2.1 மில்லிகிராம். முப்பது வீதத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். 96 எங்கே, 30 எங்கே? மிச்சத்தில் ஒரு பகுதி குட்டையாகிப் போயிருந்தது. இலத்திரன் தாக்கும்போது அமிலக் கூட்டம் கழன்று, ஒரு காபன் குறைந்து, இரண்டு புளோரைட்டு வெளியேறி, 8 காபன் அமிலம் 7 காபன் அமிலமாகிறது. அது மறுபடி 6. கறிக்குப் பயற்றங்காய் நறுக்குகிற மாதிரி, முனையிலிருந்து துண்டு துண்டாக. பிஃபோவாவை மட்டும் தேடும் கருவிக்கு 7 காபன் அமிலம் கண்ணில் படாது. குட்டையானதும் பிஃபாஸ்தான், அதுவும் நீரோடு இன்னும் இலகுவாக ஓடும்.

இன்னொரு பகுதி மூடியில் இருந்தது. பிஃபோவா சவர்க்காரம் மாதிரி, நீரின் மேற்பரப்பைத் தேடிப் போகும். நான் நைதரசனை ஆவேசமாக விட்டிருந்தேன். நுரை பொங்கி மூடியிலும் குழாய்க் கழுத்திலும் ஒட்டிக்கொண்டது. விளக்கே போடாமல் அதே வேகத்தில் வாயுவை விட்டுப் பார்த்தேன். கரைசலில் பிஃபோவா அப்போதும் குறைந்தது! மூடியை மெதனோலால் கழுவியபோது அங்கே இருந்தது. பூனை அகப்பட்டது.

அதனால் ஒப்பீட்டுச் சோதனைகள் நான்கு எப்போதும் கூடவே ஓடவேண்டும். விளக்கு இல்லாமல் மற்ற எல்லாம், சல்பைற்று இல்லாமல் மற்ற எல்லாம், நைதரசன் மட்டும், பிஃபோவா இல்லாமல் மற்ற எல்லாம். கடைசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காந்தக் கலக்கியின் சிறு கோலுக்கு ரெப்லோன் உறை, போத்தல் மூடிக்குள் ரெப்லோன் வட்டு, குழாய்ப் பொருத்தில் ரெப்லோன் நாடா. புளோரீனைத் தேடும் வேலையில் சுற்றிவரப் புளோரீன் இருந்தால் பிஃபோவா இல்லாத அந்த வெற்று மாதிரிதான் உங்களைக் காப்பாற்றும். மாதிரிகளைப் பொலிபுரொப்பிலீன் குப்பியில் எடுங்கள். கண்ணாடிச் சுவரும் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிஃபோவாவை நேரே அளக்கும் கருவியான நிறைநிறமாலைமானி மட்டக்களப்பில் என் கைக்கெட்டிய தூரத்தில் இல்லை. மாதிரிகளை உறையவைத்துச் சேர்த்து, வருடத்துக்கு இரண்டு தரம்தான் அனுப்புகிறேன். ஆனால் புளோரைட்டை நாளாந்தம் இங்கேயே அளக்கலாம். அதற்கு வேண்டியது புளோரைட்டு மின்வாய் ஒன்று. அதன் நுனியில் இருப்பது இலந்தனம் புளோரைட்டுப் பளிங்கு. பல்தேய்க்கும் பசையிலுள்ள புளோரைட்டை அளக்கவும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நியமக் கரைசலுக்கு 2.21 கிராம் சோடியம் புளோரைட்டை ஒரு லீற்றரில் கரைத்தால் லீற்றருக்கு 1000 மில்லிகிராம் புளோரைட்டு. அதிலிருந்து 0.1, 1, 10 என்று இறக்குங்கள்; எல்லாம் பிளாஸ்ரிக் பாத்திரத்தில். செறிவு பத்து மடங்காகும்போது மானி 25 பாகையில் 59 மில்லிவோல்ற்று இறங்கவேண்டும் என்று புத்தகம் சொல்லும். 30 பாகையில் அது 60க்குச் சற்று மேலே. நியமமும் மாதிரியும் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும், இப்போதுதான் விளக்கடியிலிருந்து எடுத்த சுடுமாதிரியை அப்படியே வைக்காதீர்கள்.

ஒவ்வொரு மாதிரிக்கும் சம அளவு தாங்கற் கரைசல் கலக்கவேண்டும்: அசற்றிக் அமிலம், உப்பு, அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருள், பீஎச் 5க்கும் 5.5க்கும் இடையில். கலக்கும்போது தீக்குச்சி உரசிய மணம் வரும், அது மிஞ்சிய சல்பைற்று கந்தகவீரொட்சைட்டாகப் போவது. யன்னலைத் திறந்துவிடுங்கள், இழுப்பு உள்ளவர்கள் புகைக்கூண்டுக்குள்ளேயே செய்யுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தாங்கற் கரைசல் முடிந்துவிட்டது. செய்ய அரை மணி நேரம் போதும், ஆனால் கடைசி பஸ் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பீஎச் 11இல் இருந்த மாதிரிக்குள் மின்வாயை நேரே விட்டேன். 8.3 காட்டியது. முழுதும் உடைந்தாலே 6.88தான், நான் 120 வீதம் உடைத்திருக்கிறேன்! பஸ்ஸில் வரும் வழியில் கல்லடிப் பாலத்தில்தான் உறைத்தது. ஐதரொட்சைட்டு அயனும் புளோரைட்டு அயனும் ஏறக்குறைய ஒரே பருமன்; அந்தப் பளிங்குக்கு இரண்டையும் சரியாகப் பிரித்தறிய முடியாது. திங்கட்கிழமை தாங்கற் கரைசலோடு அதே மாதிரியை வைத்தேன், 6.2. அது 90 வீதம். நேர்மையான 90, எனக்கு 120ஐவிடச் சந்தோஷம். நுரையை அடக்கி, பீஎச்சைக் கூட்டி, நேரத்தை நீட்டி வந்த எண் அது.

பிஃபோஸ் இதே அமைப்பில் மெதுவாகத்தான் உடையும். அதன் 4 காபன் தம்பி பிஃபிபிஎஸ் (PFBS) இன்னும் பிடிவாதம். முதலாவது வருடத்தில் அதில் கைவைத்து மனம் சோர்ந்துபோகாதீர்கள்.

மின்சாரக் கணக்கு

என் மேற்பார்வையாளர் சேர் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பது ஒன்றே ஒன்று: "இதுக்கு எத்தினை யூனிற் போகுது?" 11 வாற்று விளக்கு, அரை லீற்றர், செறிவு பத்தில் ஒன்றாக 2 மணி நேரம் என்று வைப்போம். 0.022 யூனிற். ஒன்றுமில்லை போலத் தெரியும். ஒரு கன மீற்றருக்கு, அதாவது கூரையில் வைக்கும் ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்றுக்குப் பெருக்கினால் 44 யூனிற். எங்கள் வீட்டில் அரை மாதத்துக்கு ஓடும். அதுவும் பத்தில் ஒன்றாக்க மட்டும். நூறில் ஒன்றாக்க இன்னொரு 44.

ஆகவே ஊர்த் தண்ணீர் முழுவதையும் விளக்குக்குக் கீழே ஓட்டும் கனவை முதல் நாளே விட்டுவிடுங்கள். அயன் பரிமாற்றப் பிசினாலோ, மென்சவ்வாலோ, நுரையாலோ (ஓம், என்னை ஏமாற்றிய அதே நுரைதான், பிரித்தெடுக்க அது நல்ல வழி) பிஃபாஸை முதலில் சிறிய அளவு நீருக்குள் திரட்டவேண்டும். உடைப்பது அந்தச் சிறிய அளவைத்தான். ஆய்வு முன்மொழிவில் இந்த ஒரு பந்தி இருந்தால் நேர்முகத்தில் பாதிக் கேள்வி குறையும்.

காய்ச்சி வடித்த நீரிலிருந்து கிணற்று நீருக்கு

சுத்த நீரில் 90 வீதம் வந்தவுடன் எழுதத் தொடங்கிவிடாதீர்கள். பிஃபோவாவை உங்கள் ஊர்க் கிணற்று நீரில் கரைத்து, அதே பரிசோதனையை ஓட்டுங்கள். நான் களுவாஞ்சிகுடியில் மாமி வீட்டுக் கிணற்றிலிருந்து இரண்டு கலன் எடுத்துவந்தேன். "என்ர கிணத்துல என்னத்தக் கலக்கப் போறாய்?" என்று மாமி கப்பிக் கயிற்றைக் கொடுக்கவே யோசித்தார். தண்ணீர் ஆய்வுகூடத்துக்குத்தான் போகிறது, கிணற்றுக்குள் ஒன்றும் வராது என்று சத்தியம் செய்த பிறகுதான் விட்டார்.

முதல் ஒரு மணி நேரம் புளோரைட்டு அசையவே இல்லை. மறுகா மெல்ல ஏறத் தொடங்கியது. காரணம் நைத்திரேற்று. மணல் நிலம், சுற்றிவரத் தோட்டம், யூரியா, மலசலகூடக் குழி. நைத்திரேற்று கிணற்றுக்கு வருவதில் புதினம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விடும் 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது 0.8 மில்லிமோலர், என் பிஃபோவா 0.024. ஒரு மூலக்கூறுக்கு முப்பதுக்கு மேல் போட்டியாளர், அதுவும் இலத்திரனைப் பறிப்பதில் மிக வேகமானவர்கள். அவர்கள் தீர்ந்த பிறகுதான் பிஃபோவாவின் முறை. உப்பு, அதாவது குளோரைட்டு, இந்த முறையைப் பெரிதாகக் குழப்பாது. வாவிக்கரைக் கிணற்றுக்கு இந்த முறை ஒத்துவருவது அதனால்தான்.

எனவே கிணற்று நீரைத் தொடுமுன் நைத்திரேற்றை அளந்து கொப்பியில் எழுதுங்கள். மாரிக்கு முன் ஒரு தரம், மழை ஓய்ந்த பிறகு ஒரு தரம். புளோரைட்டையும் தொடக்கத்திலேயே அளங்கள், கிணற்று நீரில் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும். அதைக் கழிக்காவிட்டால் மறுபடி 6.88ஐத் தாண்டுவீர்கள்.

கழிவு பற்றி. எங்கள் பக்கத்தில் தொட்டியில் ஊற்றுவது குழிக்குப் போகும், குழியிலிருந்து மணலுக்கு, மணலிலிருந்து யாரோ ஒருவரின் கிணற்றுக்கு. உடைந்தது 90 வீதம் என்றால் 10 வீதம் இன்னும் கலனுக்குள் இருக்கிறது. மூடியைக் கழுவிய மெதனோலைத் தனியாக, கரைசல்களைத் தனியாகப் பொலிபுரொப்பிலீன் கலன்களில் சேருங்கள். கார நிலையிலேயே வையுங்கள், அமிலக் கழிவோடு ஒருபோதும் கலக்காதீர்கள், கந்தகவீரொட்சைட்டு கிளம்பும். கலனின் மேல் திகதி, பொருளின் பெயர், லீற்றர் மூன்றையும் நீரில் கரையாத மையால் எழுதுங்கள். என்னிடம் இப்போது 14 லீற்றர் இருக்கிறது. அடுத்த மாதம் அதைக் கரி நிரப்பிய குழாயால் விட்டுச் சுருக்கிவிட்டு, அந்தக் கரியில் பிடிபட்டதைக் கழுவி எடுத்து மறுபடி விளக்குக்குக் கீழே வைத்துப் பார்க்கப் போகிறேன்.